இடது இறக்கை சாயும் விமானம்

பொம்மை விமானத் தொழிலில் ஒட்டுவதற்கு எத்தனை கை இருந்தாலும் போதாது. பறக்கவிடுவதற்கு ஒரு கை போதும். பக்கத்து மேஜைக்காரியைப் பார்த்து வயிறெரிந்தபடியே வேலை செய்தவர்களே, இது உங்களுக்குத்தான்.

ஓசூரில் நஞ்சப்பா மேஸ்திரியின் பட்டறையில் கெலமங்கலத்துக்காரி நானும் மத்திகிரி ரோசம்மாவும் எதிரெதிர் மேஜை. மூங்கில் சிம்பு, தக்கை போல லேசான நெட்டி, மெல்லிசான சிவப்புத் தாள், ராகிப் பசை, முறுக்கிவிட ரப்பர். யுத்தத்தில் பறந்த ஒரு சின்ன சண்டை விமானத்தை அப்படியே செய்ய வேண்டும். அதை ஏரிமேட்டில் நின்று எறிந்து சோதிப்பது மேஸ்திரி. அவருக்கு முழங்கால் போய்விட்டது. அந்த வேலை இனி எங்களில் ஒருத்திக்கு என்று சொல்லிவிட்டார். எனக்குத் தூக்கம் போயிற்று.

மூன்று புளியங்கொட்டை

நிஜ விமானமே எடை குறைந்ததாம். எங்களுடையது இன்னும் குறைய வேண்டும். மேஸ்திரி தராசில் புளியங்கொட்டை போட்டு நிறுப்பார். என்னுடையது ரோசம்மாவுடையதைவிட மூன்று கொட்டை கனம். அவள் பசையில் தண்ணீர் கலக்கிறாளோ, மூங்கிலை உள்ளுக்குள் குடைகிறாளோ என்று அவள் கையையே பார்த்துக்கொண்டு என் சிம்பைச் சீவினேன். எடை சரிக்குச் சரி வந்தது. கட்டைவிரலிலும் ரத்தம் வந்தது.

மேஸ்திரி தராசை இறக்கிவிட்டுச் சொன்னார்: "எடை சரிதான் தாயி. கண்ணை அவ மேஜையில வச்சுட்டுக் கத்தியை உன் விரல்ல வச்சா எப்படி?"

பல் முளைக்கிற நேரம்

என் மகனுக்குப் பத்து மாதம். பட்டறை மூலையில் தூளி கட்டியிருந்தேன். ஒருநாள் ரோசம்மா வெளியே போயிருந்தாள். பயலைத் தரையில் விட்டுவிட்டு ரப்பர் எடுக்கத் திரும்பிய நான் மறுபடி பார்த்தால், தவழ்ந்து போனவன் ரோசம்மா காயவைத்திருந்த விமானத்தின் இடது இறக்கை நுனியைச் சப்பிக்கொண்டிருந்தான். பிடுங்கி, முந்தானையில் துடைத்து, இருந்த இடத்திலேயே வைத்தேன். ஈரம் காய்ந்ததும் நுனி லேசாக முறுக்கிக்கொண்டது. சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. உள்ளுக்குள் கொஞ்சம் குளிர்ந்தது என்பதையும் மறைப்பானேன்?

ரோசம்மா வந்து குழந்தையைத் தூக்கி, சிவந்த வாயைப் பார்த்துக் கேட்டாள்: "என்னக்கா, இவனுக்கு இப்பவே வெத்தலை போட்டுட்டீங்களா?"

ஏரிமேடு

விமானங்களைக் கேட்டிருந்தவர், யுத்தத்தில் நிஜ விமானத்தை ஓட்டிய பெரியவர். பெங்களூரில் விமானம் ஓட்டக் கற்பவர்களுக்குப் பாடம் சொல்ல வேண்டுமாம். அவர் முன்னால் அவரவர் விமானத்தை எறிந்தோம். என்னுடையது கோடு போட்டாற்போல் போய், வட்டமடித்து, புல்லில் பூப்போல உட்கார்ந்தது. ரோசம்மாவை ஓரக்கண்ணால் பார்த்தேன். அவளுடையது நன்றாகத்தான் ஏறிற்று. ரப்பர் தளர்ந்து வேகம் குறைந்ததும் இடது இறக்கை சட்டென்று தொங்கி, மூக்குக் குப்புறப் பாய்ந்து, தரைக்கு முழ உயரத்தில் நிமிர்ந்தது. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

பெரியவர் தொப்பியைக் கழற்றிவிட்டார். அடுத்த வாரம் இதே போல இன்னும் ஆறு வேண்டும் என்றார். மேஸ்திரி அங்கேயே பறக்கவிடுகிற வேலையை ரோசம்மாவுக்குக் கொடுத்தார். என் முகத்தைப் பார்த்துப் பெரியவர் சொன்னார்: "உன்னோடது அழகா பறக்குதும்மா. ஆனா நான் ஓட்டினது அவளோடது. மெதுவாப் போனா இப்படித்தான் இடது பக்கம் தொங்கும். அது தெரியாம என் சிநேகிதங்க ரெண்டு பேர் போயிட்டாங்க."

இன்னும் ஆறு

ரோசம்மா அடுத்ததைச் செய்தாள். நேராகப் பறந்தது. அதற்கடுத்ததும் நேராகவே. ஏன் சாயவில்லை என்று தெரியாமல் அழுதாள். இன்னும் நாலு நாள் வாயை மூடிக்கொண்டிருந்தால் அந்த வேலை எனக்கு வந்துவிடும். இரண்டு நாள் மூடிக்கொண்டுதான் இருந்தேன். ஆனால் செத்துப்போன அந்த இரண்டு சிநேகிதர்கள் என் மேஜைக்கு எதிரே வந்து உட்கார்ந்துகொண்டார்கள். மூன்றாம் நாள் ஈரத்துணியால் அவள் விமானத்தின் இடது இறக்கை நுனியை நனைத்து, முறுக்கிக் காயவைத்துக் கொடுத்தேன். எறிந்தாள். சாய்ந்தது. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். "முறுக்கறது நீ, எறியறது அவ" என்று மேஸ்திரி தீர்த்துவிட்டார்.

ரோசம்மா என்னை முறைத்தாள். பிறகு சொன்னாள்: "வெத்தலையான்னு கேட்டப்பவே சொல்லியிருக்கலாமேக்கா. சரி, மீதிக்கும் அவனையே தூக்கிட்டு வாங்க."

இப்போதும் ஏரிமேட்டில் அவள் கை உயரும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியத்தான் செய்கிறது; அந்த இடது இறக்கை தொங்குகிற நொடியில் மட்டும் கொஞ்சம் அணைகிறது.