மச்சான் தூக்கிய பறக்கும் தட்டு

குற்றாலத்தில் ஐந்தருவிக்குப் போகிற சாலையில் கிதிர் முகம்மதுவுக்கு ஒரு பழக்கடை இருந்தது. ஓலைப் பந்தலின் கீழ் இரண்டு பலகை. அவற்றின் மேல் மங்குஸ்தானும் ரம்புட்டானும். கிதிருக்கு ஆளைவிடக் குரல் பெரிது. அவர் கூவினால் வேகமாகப் போகிற கார்கூட நிற்கும். சாரல் காலத்தில் மதுரையிலிருந்து வருகிறவர்கள் ‘கிதிர் பாய் கடை’ என்று கேட்டு வந்து வாங்குவார்கள்.

அதெல்லாம் 1961 வரைக்கும்தான்.

அந்த வருஷம் சாரல் தொடங்கிய சமயத்தில் மலைமேல் ஏதோ விழுந்தது. பட்டப்பகலில், வெள்ளையாக ஒன்று சாய்ந்து சாய்ந்து இறங்கியதைப் பலர் பார்த்தார்கள். மறுநாள் செங்கோட்டைப் பக்கமிருந்து பட்டாள லாரிகள் வந்து மலைப்பாதையை மறித்தன. கீழே இருந்தவர்களை மேலே விடவில்லை. மேலே இருந்தவர்களைக் கீழே விடவில்லை. அப்படி மேலே மாட்டிக்கொண்டவன் துல்கர்னைன்.

துல்கர்னைன், கிதிரின் மனைவி பாத்திமுத்துவின் தம்பி. தறியில் உட்காரப் பொறுமை இல்லாமல் சுற்றிக்கொண்டிருந்தவனுக்குத் தன் கடைக்குப் பக்கத்திலேயே ஒரு பந்தல் போட்டுக் கொடுத்தவர் கிதிர்தான். அன்றைக்கு மலைத் தோட்டத்துக்குப் பழம் எடுக்கப் போயிருக்க வேண்டியவரும் அவர்தான். முழங்கால் வலி என்று மைத்துனனை அனுப்பினார். அந்த முழங்காலை அதன்பின் அவர் மன்னிக்கவே இல்லை.

பட்டாளத்தார் துல்கர்னைன் கையிலும் ஒரு கயிற்றைக் கொடுத்து இழுக்கச் சொன்னார்கள். தார்ப்பாய் போர்த்திய அந்தச் சாமானைச் சரிவில் இறக்கி லாரியில் ஏற்றினார்கள். வெளியே சொன்னால் ஜெயில்தான் என்று அதிகாரி மிரட்டினாராம். துல்கர்னைன் அந்த மிரட்டலையும் சேர்த்து ஊர் முழுக்கச் சொன்னான்.

“தார்ப்பாயை லேசா விலக்கி ஒரு பட்டாளத்தான் உள்ள எட்டிப் பாத்தான். பாத்தவன் முகம் வெளிறிப் போச்சு. மேல நின்ன ஆபீசரைப் பாத்து என்ன கத்துனான் தெரியுமா?” என்று நிறுத்துவான். கூட்டம் மூச்சைப் பிடிக்கும். “ஆளுல்லா!”

திருநெல்வேலிப் பக்கத்தில் ‘ஆளுல்லா’ என்றால் ‘ஆள்தானே, பார்த்தால் தெரியவில்லையா’ என்று அர்த்தம். வானத்திலிருந்து விழுந்ததற்குள் ஆள்! கேட்ட பெண்கள் பிள்ளைகளை இழுத்து அணைத்துக்கொள்வார்கள். ஆண்கள் இன்னும் ஒரு சீப்பு மலைப்பழம் வாங்குவார்கள்.

மதுரைப் பத்திரிகை ஒன்று, கையில் மங்குஸ்தானோடு நிற்கும் துல்கர்னைன் படத்தைப் போட்டு, ‘பறக்கும் தட்டைத் தூக்கிய வாலிபர்’ என்று எழுதியது. பாத்திமுத்து அதை வெட்டி வீட்டுக் கடிகாரத்துக்குக் கீழே ஒட்டினாள். மணி பார்க்கத் தலையைத் தூக்கினாலே மைத்துனன் முகத்தில் விழிக்க வேண்டியிருந்தது. கிதிர் மணி பார்ப்பதையே விட்டுவிட்டார்.

“எந்தம்பியப் பாக்கக் கடையநல்லூர்லேர்ந்து வாராக” என்பாள் பாத்திமுத்து.

“பழம் வாங்கவா, படம் பாக்கவா?”

“ஏன் இப்படிப் பொருமுதீக? அன்னைக்கு நீங்க போயிருந்தா உங்க படம் இருந்திருக்கும்.”

அந்தப் பதில்தான் அவருக்குச் சோற்றில் கல்லாகக் கடித்தது. சொந்த வீட்டிலேயே அவர் பேச்சைக் கேட்க ஆளில்லை. கடையில் எவ்வளவு கூவினாலும் வண்டிகள் பத்தடி தள்ளிப் போய் நின்றன. அவருடைய ரம்புட்டானுக்கு முடி உதிர்ந்ததுதான் மிச்சம்.

அடுத்த வருஷத்துச் சாரலில் ஒருநாள் புனலூரிலிருந்து பலாப்பழ லாரி வந்தது. துல்கர்னைன் தொழுகைக்குப் போயிருந்தான். லாரிக்காரர் அவன் பந்தலுக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, வண்டியில் இருந்தவனை நோக்கிக் கத்தினார்: “ஆளில்லா!”

கிதிர் கையிலிருந்த பழத்தை நழுவவிட்டார்.

“சேட்டா, இப்பம் என்ன சொன்னீரு?”

“கடையில் ஆளில்லா. யாரும் இல்லான்னு.”

அவருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. ஒரு வருஷமாக நெஞ்சில் கிடந்த பாரம் இறங்கிய சிரிப்பு. ஆனால் அதை வீட்டில்கூடச் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்காகப் பத்திரமாக வைத்துக்கொண்டார்.

ஞாயிறு வந்தது. துல்கர்னைன் வழக்கம்போல் நிறுத்தி, கண்ணை உருட்டி, “ஆளுல்லா!” என்றான்.

“ஏலே துல்கர்னைன்” என்று கிதிர் எழுந்தார். “கத்துன பட்டாளத்தான் எந்த ஊரு?”

“மலையாளத்தான் மச்சான். ஏன்?”

“மலையாளத்தான் மலையாளத்துலதானல கத்துவான்? ‘ஆளில்லா’ன்னு கத்தியிருக்கான். உள்ள ஆளு இல்லைன்னு அர்த்தம். காலி டப்பாவ இழுத்துட்டு வந்துட்டு ஒரு வருஷமாக் கதை விடுதான், கேட்டுட்டு இருக்கீக!”

சாப்பாடு கொண்டுவந்த பாத்திமுத்து, தூக்குச்சட்டியோடு கூட்டத்தின் ஓரத்தில் நின்றாள். தம்பியைப் பார்த்தாள், கணவனைப் பார்த்தாள். கிதிருக்கு அந்த ஒரு நிமிஷம் போதும் என்றிருந்தது.

அப்போது ஈரத் துண்டோடு நின்ற ஒரு விருதுநகர்க்காரர் கேட்டார்:

“பாய், உள்ள ஆள் இல்லைன்னா, இறங்கி எங்க போனான்?”

கூட்டம் அப்படியே கிதிர் பக்கம் திரும்பியது. அத்தனை முகங்கள் தன்னை மட்டும் பார்த்து எவ்வளவு நாளாயிற்று! ‘ஆளே கிடையாதுய்யா’ என்று சொல்லத்தான் வாயெடுத்தார். சொல்லியிருந்தால் எல்லோரும் சிரித்துவிட்டு அருவிக்குப் போயிருப்பார்கள். பாத்திமுத்துவும் சட்டியை வைத்துவிட்டு வீட்டுக்குப் போயிருப்பாள்.

கிதிர் தோள்துண்டை உதறிப் போட்டுக்கொண்டார்.

“அதத்தான் யாருகிட்டயும் சொல்லாம வச்சிருந்தேன்” என்றார்.

“மச்சான், நீங்க மலைக்கே வரலியே!” என்று கத்தினான் துல்கர்னைன்.

“நான் எதுக்குல வரணும்? இங்கனதானே இருந்தேன். மேல இறங்குனவன் கீழ வந்துதானே ஆகணும்? இந்த ரோட்ட விட்டா வேற ரோடு ஏது?”

விருதுநகர்க்காரர் துல்கர்னைன் கடையில் கையிலெடுத்திருந்த பழத்தைப் பலகையிலேயே வைத்துவிட்டு இந்தப் பக்கம் நகர்ந்தார். அவர் பின்னால் மற்றவர்களும் வந்தார்கள். துல்கர்னைன் இரண்டு கைகளையும் இடுப்பில் வைத்துக்கொண்டு, தன் கடைக்கு எதிரே வெறிச்சோடிய இடத்தையும் மச்சானையும் மாறி மாறி முறைத்தான். முகம் கறுத்துப் போயிற்று.

பாத்திமுத்து கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னே வந்தாள்.

“வந்தவரு பாக்க எப்படி இருந்தாரு?” என்று கணவனிடம் கேட்டாள்.