அத்தை ஏறிய பஸ்

என் அத்தைக்குப் பஸ் ஆகாது. இரண்டு வளைவு திரும்பினால் போதும், குடலைப் புரட்டிக்கொண்டு வந்துவிடும். அப்பாவின் அக்கா அவர். இளம் வயதிலேயே கணவரை இழந்து எங்களோடு இருந்தார். தேயிலை பறிப்பதில் அவர் கைக்கு ஈடு கிடையாது. கோத்தகிரிச் சந்தைக்கும் நடந்தே போய், மூட்டையோடு நடந்தே மலையேறி வருவார்.

நான் ஆறாம் வகுப்பில் சேர்ந்த வருடம்தான் எங்கள் ஊருக்கு முதன்முதலாகப் பஸ் விட்டார்கள். அதுவரை மெயின் ரோட்டுக்குக் குறுக்குப் பாதைதான். காட்டெருமை நிற்கும் பாதை என்பதால் பிள்ளைகளைத் தனியாக அனுப்பமாட்டார்கள். ஊர்ப் பள்ளியில் ஐந்தாவது முடித்த பெண்கள் பலர் அதோடு வீட்டில் இருந்துவிட்டார்கள்.

பஸ் வந்ததே தவிர, ஏற ஆள் இல்லை. இளவட்டங்கள் திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்குப் போய்விட்டதால் வீடுகளில் பாதி பூட்டிக் கிடந்தன. இருப்பவர்களுக்கோ தோட்டத்துக்குப் போகப் பஸ் தேவையில்லை. ஒருநாள் சாயங்காலம் கண்டக்டர் அத்தையைக் கூப்பிட்டு, மறுநாள் காலை அதிகாரி ஒருவர் வந்து பார்க்கப்போவதாகவும், வண்டி காலியாக ஓடினால் நிறுத்திவிடுவார்கள் என்றும் சொன்னார்.

அத்தை அப்போதே வீடு வீடாக ஏறி இறங்கினார்.

"ஏனுங்க, நாளைக்கு ஆபீசர் வர்றாருங்களாமா. ஊட்டுக்கு ஒருத்தராச்சும் பஸ்ஸுல ஏறுங்க."

எல்லாரும் பலமாகத் தலையாட்டினார்கள். ஆனால் காலையில் நல்ல மழை. கொழுந்து சீசன் வேறு. தலையாட்டியவர்களில் பெரும்பாலோர் தோட்டத்துக்குப் போய்விட்டார்கள். பஸ்ஸில் பள்ளிப் பிள்ளைகள் நாங்கள் கொஞ்சம் பேர், ஆஸ்பத்திரிக்குப் போகும் ஒரு பெரியவர், அவ்வளவுதான். கடைசியாக, விசேஷத்துக்கு மட்டும் கட்டும் புடவையில், கையில் எலுமிச்சம்பழத்தோடு அத்தை வந்தார். படியில் கால் வைக்கும் முன் கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டார்.

அதிகாரி முன் சீட்டில் இருந்தார். எலுமிச்சம்பழம் முதல் வளைவு வரைதான் உதவியது. அடுத்த வளைவிலேயே அத்தை மழையில் தலையை வெளியே நீட்டிவிட்டார். அதிகாரி எழுந்து வந்து தன் தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தார்.

"ஒத்துக்கலைன்னா எதுக்கும்மா பஸ்ல வர்றீங்க?"

அத்தை வாயைத் துடைத்துக்கொண்டார். "எனக்குத்தானுங்க ஒத்துக்கல. இந்தப் புள்ளைங்களுக்கு ஒத்துக்குதுங்களே."

"ஊர்லயே ஆள் இல்லைன்னு சொல்றாங்களே?"

"இல்லீங்க. பஸ்ஸு இல்லாமத்தானுங்க போய்ட்டாங்க. இதையும் நிறுத்திப்போட்டீங்கன்னா இருக்கறவங்களும் போயிருவாங்க."

அதற்குமேல் முடியவில்லை. மறுபடியும் ஜன்னல். அதிகாரி கோத்தகிரி வரும்வரை அத்தையின் பக்கத்திலேயே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அந்தப் பஸ் இன்றும் ஓடுகிறது. பன்னிரண்டாவது வரை நான் அதில்தான் போய் வந்தேன். திருப்பூருக்குப் போன இரண்டு குடும்பங்கள் பிள்ளைகளோடு திரும்பி வந்து பூட்டைத் திறந்தன. அத்தை மட்டும் அதன்பிறகு அதில் ஏறவே இல்லை. ஊரே அவரைக் கூப்பிட்டுப் பார்த்தும், சிரித்தபடி குறுக்குப் பாதையில் இறங்கிவிடுவார்.

அன்று பஸ் ஸ்டாண்டில் அதிகாரி அவரைக் கைபிடித்து இறக்கிவிட்டு ஏதோ சொன்னார். மழைச் சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை. அத்தை வெளிறிய முகத்தோடு, நனைந்துகொண்டே என் இரண்டு கன்னங்களையும் பிடித்துச் சிரித்தார். கண்ணில் நீர் வழிந்தது. பஸ் நின்றால் என் படிப்பையும் நிறுத்திவிடுவது என்று வீட்டில் பேசி முடித்திருந்ததை அப்போது எனக்கு யாரும் சொல்லவில்லை. ஒருவழியாகப் பஸ்ஸைவிட்டு இறங்கிய சந்தோஷம்தான் அவருக்கு என்று நினைத்துக்கொண்டு, "உடுங்க அத்தை, பெல் அடிச்சிருவாங்க" என்று பள்ளிக்கு ஓடினேன்.