நாற்பது சேர்வர்களும் சொன்ன இலக்கம்

போன மாதம் என் போன் இலக்கத்தை மாற்றினேன். அதனால்தான் விஷயம் வெளியே வந்தது. இல்லாவிட்டால் இன்றைக்கும் ஒன்றும் தெரியாமல் சிரித்துக்கொண்டுதான் இருந்திருப்பேன்.

எங்கள் கம்பெனியின் நாற்பது சேர்வர்களைப் பார்க்கும் குழுவுக்கு ஆறு வருஷமாக நான்தான் தலைமை. ஒவ்வொரு சேர்வரின் அமைப்புத் தரவிலும் ‘பொறுப்பாளர்’ என்று ஒரு வரி உண்டு. பிரச்சினை என்றால் அதில் உள்ள இலக்கத்துக்குத்தான் அழைப்பு வரும். என் பழைய இலக்கம் எங்கெங்கே கிடக்கிறது என்று பார்க்க, கொழும்பில் என் வெள்ளவத்தை வீட்டில் இருந்தபடியே ஒரு கட்டளை தட்டினேன். அந்த ஒரு வரியை மட்டும் எல்லாச் சேர்வர்களிடமும் கேட்டுச் சொல்லும் கட்டளை அது.

நாற்பதும் ஒரே இலக்கத்தைச் சொல்லின. என்னுடையது அல்ல. கொட்டாஞ்சேனையில் இருந்து வேலைக்கு வருகிறவன், என்னை அக்கா என்று கூப்பிடுகிறவன், குழுவில் எனக்கு அடுத்தவன். அவனுடைய இலக்கம். எனக்கு அது மனப்பாடம்.

மூன்று வாரமாக ஒரு அழைப்பும் வரவில்லை. நான் அவ்வளவு நன்றாக வேலை செய்கிறேன் என்று பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன், பைத்தியக்காரி.

இந்தப் பதில் எங்கிருந்து வந்தது என்றும் சேர்வரிடம் கேட்கலாம். கேட்டேன். நாற்பதுக்கும் பொதுவான அமைப்புக் கோப்பு ஒன்றைக் காட்டியது. அதன் வரலாற்றைத் திறந்தேன். மாற்றி எழுதியவன் அவன். எங்களிடம் ஒருவர் எழுதியதை இன்னொருவர் பார்த்து ஓகே கொடுத்தால்தான் அது சேர்வருக்குப் போகும். ஓகே கொடுத்தது நான்.

அது மூன்று வாரத்துக்கு முந்திய ஒரு வெள்ளிக்கிழமை. நான் வெள்ளியில் மச்சம் மாமிசம் தொடமாட்டேன், அவன் கத்தோலிக்கன், அவனுக்குத் தவக்காலம். இரண்டு பேரும் காலி வீதியில் ஒரு சைவக் கடையில் தோசை சாப்பிட்டுக்கொண்டிருந்தோம்.

“அக்கா, சின்ன மாற்றம் ஒண்டு அனுப்பியிருக்கிறன். ஒருக்கா ஓகே குடுங்கோவன்” என்றான்.

வலது கை முழுக்கச் சாம்பார். இடது கையால் போனை எடுத்து, வாசிக்காமலே அழுத்தினேன். அவன் எழுதியதை நான் எப்போதும் வாசிப்பதில்லை. சொந்தக் காசில் சூனியம் என்பார்களே, அதுதான். அன்றைக்குக் கடைக்காரருக்குக் காசு கொடுத்ததும் நான்தான்.

உடனே அவனுக்கு அழைத்தேன்.

“மேல இருக்கிற ஆக்கள்தான் அக்கா, பொறுப்ப என்ர பேருக்கு மாத்தச் சொன்னவை. உங்களுக்குச் சொல்ல எனக்கு முகமில்ல.”

“ஓகே கேக்க மட்டும் முகம் இருந்ததோ?”

போனை வைத்துவிட்டேன். எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. பதவி போனதுகூடப் பரவாயில்லை, யாருக்கும் ஒரு நாள் போவதுதான். கூட இருந்து குழி பறித்தவனுக்கு மண்வெட்டியை நானே எடுத்துக் கொடுத்திருக்கிறேன். ஆனால் ஒன்று விளங்கவில்லை. ஓகே கொடுக்கக் குழுவில் இன்னும் மூன்று பேர் இருக்கிறார்கள். ஏன் என்னிடம் கேட்டான்?

திங்கட்கிழமை மெனேஜர் எங்கள் இரண்டு பேரையும் அறைக்குக் கூப்பிட்டார். குழுவை இனி அவன் பார்ப்பான் என்றார். என்னைக் கேட்காமல் எப்படி என்றேன். அவர் லேப்டாப்பை என் பக்கம் திருப்பினார். அந்த வெள்ளிக்கிழமை, அந்த மாற்றம், கீழே என் பெயர்.

“நீங்களே சம்மதித்ததுதானே?” என்று சிங்களத்தில் கேட்டார்.

அவன் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தான். நானும் சிங்களத்திலேயே ஆம் என்றேன்: “ஓவ்.”