ரோசி வீட்டில் படித்த வருஷம்

எங்கள் மகள் காலையில் சாப்பிடாமல் பள்ளிக்குப் போகத் தொடங்கியதைத்தான் நாங்கள் முதலில் கவனித்தோம். அப்போது அவள் ஒன்பதாம் வகுப்பு. இட்லியைத் தட்டில் பிய்த்துப் போட்டுவிட்டு, "பசிக்கல" என்று எழுந்துவிடுவாள். மதியச் சாப்பாட்டு டப்பாவும் அப்படியே திரும்பி வந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் ஒழுங்காகச் சாப்பிட்டாள். பரீட்சை பயம் என்று என் மனைவி செலின் சொன்னாள். அவள் குரும்பகரத்தில் பள்ளி ஆசிரியை. பிள்ளைகளின் பயங்களைத் தினமும் பார்க்கிறவள் சொன்னதால் நானும் நம்பினேன்.

விஷயம் வேறு. சாப்பிட்டால் வகுப்பு நடுவில் கழிப்பறைக்கு ஓட வேண்டியிருக்கும் என்று ரோசி பட்டினி கிடந்திருக்கிறாள். பல வாரங்களாக மலத்தோடு ரத்தம் போய்க்கொண்டிருந்தது. யாரிடமும் சொல்லவில்லை. ஒரு நாள் காலை குளியலறையில் தலைசுற்றி உட்கார்ந்தவள், எழுந்திருக்க முடியாமல் அம்மாவைக் கூப்பிட்டாள். செலின் அவளைத் தனியாகவே தூக்கிவந்து கட்டிலில் கிடத்தினாள். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னாள்: "ஏங்க, புள்ள கனமே இல்லீங்க."

இதே நோய் உள்ள பிள்ளையின் பெற்றோர் யாராவது படிப்பார்கள் என்பதால் எதையும் மறைக்காமல் எழுதுகிறேன். ரோசியிடம் கேட்டுத்தான் எழுதுகிறேன். "மலம்னு எழுதவே கூச்சப்பட்டீங்கன்னா, எழுதவே வேண்டாம்பா" என்றாள்.

காரைக்காலில் முதலில் பார்த்த மருத்துவர் சீதபேதி என்று மருந்து கொடுத்தார். எல்லோருக்கும் முதலில் தோன்றுவது அதுதான். மருந்து முடிந்ததும் ரத்தம் திரும்ப வந்தது. மூலமாக இருக்கும் என்றார்கள். மாதுளம்பிஞ்சு, கசகசா, வெந்தயம் என்று உறவினர்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள். செலின் வேளாங்கண்ணிக்கு நேர்ந்துகொண்டாள். எடை குறைந்துகொண்டே போனதைப் பார்த்துவிட்டு அந்த மருத்துவரே புதுச்சேரியில் பெரிய மருத்துவமனைக்குப் போகச் சொன்னார்.

பேருந்தில் அழைத்துப் போனேன். அது எவ்வளவு பெரிய தவறு என்று சீர்காழி தாண்டுவதற்குள் புரிந்தது. ரோசி என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தபடி வந்தாள். நெற்றியெல்லாம் வியர்த்திருந்தது. சிதம்பரத்தில் இறங்கிவிட்டோம். மீதித் தூரம் வாடகைக் காரில், வழியில் பெட்ரோல் பங்கு கண்ட இடமெல்லாம் நிறுத்தி நிறுத்திப் போனோம்.

அங்கே கொலனோஸ்கோப்பி செய்தார்கள் (சிறு கேமரா பொருத்திய குழாயை ஆசனவாய் வழியாக விட்டுப் பெருங்குடலின் உட்பகுதியைப் பார்ப்பது). அதிலும் திசுப் பரிசோதனையிலும் தெரிந்தது, அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் (உடலின் எதிர்ப்பாற்றலே தவறுதலாகப் பெருங்குடலின் உள்தோலைத் தாக்கிப் புண்ணாக்கும் நோய்). எங்களுக்கு வாய்த்த மருத்துவர் நடுவயதுப் பெண்மணி. மெதுவாகப் பேசுகிறவர்.

"எப்ப சரியாவும் டாக்டர்?" என்று கேட்டேன்.

"முழுசா போயிடும்னு சொல்ல மாட்டேன். அடங்கும். அடக்கி வச்சா வருஷக்கணக்குல தொந்தரவு இல்லாம இருக்கலாம். நல்லாயிருக்குன்னு நீங்களா மாத்திரைய நிறுத்துனீங்கன்னா திரும்ப வரும். அதுக்கு மட்டும் இடம் குடுக்காதீங்க."

"பரீட்சை பயத்தால வந்துச்சா?"

"பயத்தால வர்றதில்ல சார். யாரோட தப்பாலயும் வரல."

செலின் அதுவரை தாங்கிக்கொண்டிருந்தாள். இந்தக் கடைசி வாக்கியத்தைக் கேட்டதும் அழுதாள்.

ஸ்டீராய்டு (அழற்சியை விரைவாகத் தணிக்கும் மருந்து) தொடங்கினார்கள். ரத்தம் குறைந்தது. ஆனால் ரோசியின் முகம் உப்பியது. கன்னங்கள் வீங்கிக் கண்கள் சிறுத்தன, பரு வந்தது. கண்ணாடிக்கு முன்னால் நின்று, "நம்ம பங்கு சாமியார் மாதிரி இருக்கேன்" என்றாள். எங்கள் தேவாலயப் பாதிரியாருக்கு உப்பிய கன்னங்கள். மூவரும் சிரித்தோம். சிரித்துக்கொண்டே போய் அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

உடம்பு தேறியதும் பழைய பள்ளிக்கே அனுப்பினோம். அங்கே மாணவிகளின் கழிப்பறை மைதானத்தின் மறுகோடியில் இருந்தது. வகுப்பு நேரத்தில் அதைப் பூட்டி வைப்பார்கள். ஒரு நாள் சாவி வருவதற்குள் சீருடை வீணாகிவிட்டது. நான் போய் அழைத்து வந்தேன். ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்து என் முதுகில் முகத்தை வைத்தபடி வந்தாள். எங்கள் வீடு கோட்டுச்சேரிச் சாலையில் இருக்கிறது. முன்னறையில் என் இருசக்கர வாகன உதிரிபாகக் கடை. கடை வாசலில் இறங்கியதும், "இனிமே போவ மாட்டேம்பா" என்றாள்.

அன்றைக்கு எனக்கும் செலினுக்கும் பெரிய வாக்குவாதம். "பத்தாவது படிக்கப்போற புள்ளய வீட்டுல வைக்கிறதா? நான் ஊர்ப் புள்ளைங்களெல்லாம் ஸ்கூலுக்கு வாங்கன்னு கூப்புடுறவ" என்றாள் செலின். "உயிரோட இருந்தா அப்புறம் படிச்சுக்கலாம்" என்றேன் நான். கோபத்தில் சொன்ன அந்தச் சொல் எங்கள் இருவரையும் அடக்கிவிட்டது. திறந்தநிலைப் பள்ளி வழியாக வீட்டிலிருந்தே பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதலாம் என்று விசாரித்து அறிந்தோம். ஒரு வருஷம் மட்டும் என்று முடிவாயிற்று.

அந்த வருஷத்தின் முதல் பாதி, சொல்லப்போனால், எங்கள் வீட்டின் சந்தோஷமான நாட்களில் சேரும். ரோசியின் வயிறுதான் கால அட்டவணை போட்டது. நன்றாக இருக்கும் நாளில் கணக்கில் இரண்டு பாடம் முடித்துவிடுவாள். மோசமான நாளில் படுத்துக்கொண்டு வரலாறு கேட்பாள், நான் வாசிப்பேன். மதியம் கடையில் வந்து உட்காருவாள். புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்காமலே கிளட்ச் கேபிளை எடுத்து நீட்டுவாள். மாலையில் செலின் பள்ளியிலிருந்து வந்து முகம் கழுவிக்கொண்டு அறிவியல் சொல்லிக்கொடுப்பாள். ஒரு நாள் பழக்கதோஷத்தில், பள்ளிப் பெயரைச் சொல்லி, "ரோஸ்லின், எந்திரிச்சு நின்னு பதில் சொல்லு" என்று அதட்டிவிட்டாள். ரோசி உண்மையிலேயே எழுந்து நின்று, "குட் ஈவினிங் மிஸ்" என்றாள். செலினுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

அசத்தியோப்ரின் (எதிர்ப்பாற்றலின் வேகத்தைத் தணிக்கும் மாத்திரை, இதற்கு அடிக்கடி ரத்தப் பரிசோதனை வேண்டும்) மெல்ல வேலை செய்யத் தொடங்கியது. ஸ்டீராய்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார்கள். ரத்தம் நின்றது. தயிர்சாதம் மட்டும் சாப்பிட்டுக்கொண்டிருந்தவள் மீன்குழம்பு கேட்டாள். கோட்டுச்சேரிமேட்டுக்குப் போய் அப்போதுதான் கரைக்கு வந்த மீனாகப் பார்த்து வாங்கி வந்தேன். அவள் முள் எடுத்துச் சாப்பிடுவதை நாங்கள் இருவரும் எதிரில் உட்கார்ந்து பார்த்தோம். "சினிமாவா பாக்குறீங்க?" என்றாள்.

நோய் அடங்கிக்கொண்டிருந்த அதே மாதங்களில் வேறொன்று நடந்துகொண்டிருந்தது. அதற்கு மருத்துவப் பெயர் கிடையாது.

நஸ்ரின் என்று அவளுக்கு ஒரு தோழி உண்டு. ஆறாம் வகுப்பிலிருந்து பக்கத்துப் பக்கத்து இடம். ஆரம்பத்தில் வாரம் தவறாமல் வந்தாள். ரோசிக்குத் தன் முகத்தைக் காட்டப் பிடிக்கவில்லை. "தூங்குறான்னு சொல்லுங்கப்பா" என்பாள். நான் கடையில் நின்றபடி அப்படியே சொல்வேன். நாலைந்து முறைக்குப் பிறகு நஸ்ரின் வருவது நின்றுபோனது. முகம் பழைய நிலைக்கு வந்த பிறகும் ரோசி அவளைக் கூப்பிடவில்லை. எங்களோடு நன்றாகப் பேசினாள். ஆனால் நாற்பது வயதுக்காரி மாதிரி பேசினாள். விலைவாசி பேசினாள், மாத்திரை பேசினாள். அவளிடமிருந்து ஒரு சண்டை இல்லை, ஒரு ரகசியம் இல்லை. நல்ல பிள்ளை என்று நாங்கள் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தோம்.

தேர்வு முடிந்து, மதிப்பெண்ணும் நன்றாக வந்திருந்த சமயம். பரிசோதனைக்குப் புதுச்சேரி போயிருந்தோம். மருத்துவர் ரோசியைப் பார்த்து, "நாள் பூரா என்னம்மா பண்ற?" என்று கேட்டார்.

"காலைல கொஞ்சம் படிப்பா டாக்டர், அப்புறம் கடையில..." என்று நான் ஆரம்பித்தேன்.

"சார், நீங்க கொஞ்சம் வெளில இருங்களேன்."

வராந்தா நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். உள்ளே என்னவோ பெரிய விஷயம் சொல்கிறார்கள் என்று நினைத்துக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். ரோசி வெளியே வந்தபோது கண்கள் சிவந்திருந்தன. திரும்பும் பேருந்து கடலூரைத் தாண்டியது. பிறகு தானாகச் சொன்னாள்.

"வயித்தப் பத்தி ஒண்ணும் கேக்கல. உன் ஃபிரண்டு யாருன்னு கேட்டாங்க. நஸ்ரின்னு சொன்னேன். கடைசியா எப்பப் பேசுனேன்னு கேட்டாங்க." சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "எனக்குத் தெரியலப்பா. ஞாபகமே இல்ல."

சற்று நேரம் கழித்து, "பிளஸ் ஒன் ஸ்கூல்லதான் படிப்பேன்" என்றாள்.

வீட்டுக்கு வந்து நஸ்ரினுக்குப் போன் செய்தாள். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் நானும் கேட்டேன்.  எடுத்ததும் நஸ்ரின் கேட்டாள்: "என்னடி, தூங்கி எந்திரிச்சிட்டியா?" இருவரும் சிரித்தார்கள், அழுதார்கள். நான் கடைக்குள் போய்விட்டேன்.

பள்ளிக்கு அனுப்ப இப்போது எங்கள் இருவருக்குமே மனம் வரவில்லை. "இங்க நல்லாத்தானே இருக்கா? நின்ன ரத்தம் நின்னதாவே இருக்கட்டும்" என்று செலினே சொன்னாள்.

ரோசி அம்மாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். "அம்மா, உன் கிளாஸ் புள்ள ஒண்ணு வருஷம் பூரா வீட்டுலயே இருந்தா நீ என்ன பண்ணுவ?"

செலின் அந்தப் பிள்ளையின் வீட்டுக்கே போய்க் கூப்பிடுவாள். அவளுடைய அத்தனை வருஷ வேலையும் அதுதான்.

நஸ்ரின் சேர்ந்திருந்த பள்ளி நகரத்தில் இருந்தது. மூவரும் தலைமையாசிரியையைப் பார்க்கப் போனோம். நான் பேசுவதற்காகத் தொண்டையைச் செருமினேன். ரோசி முந்திக்கொண்டாள்.

"எனக்குக் குடல்ல புண்ணு வர்ற நோய் இருக்கு மேடம். ஒட்டுவாரொட்டி இல்ல, யாருக்கும் தொத்தாது. திடீர்னு பாத்ரூம் போவணும்னா அனுமதி கேட்டுட்டு நிக்க முடியாது, எந்திரிச்சுப் போயிடுவேன். அதனால கதவுகிட்ட எடம் வேணும். பூட்டாத பாத்ரூம் ஒண்ணு பக்கத்துல வேணும்."

தலைமையாசிரியை எங்களைப் பார்க்கவில்லை, அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஆசிரியைங்க பாத்ரூம் சாவி ஒண்ணு உன்கிட்டயே இருக்கட்டும். வேற?"

"விளையாட்டுப் பீரியட்ல என்னை உக்கார வைக்காதீங்க."

"ஓடுவியா?"

"மெதுவா ஓடுவேன் மேடம்."

செலின் என் கையைப் பிடித்தாள். திருமணமான புதிதில் பிடித்ததற்குப் பிறகு, வெளியிடத்தில் அன்றுதான் பிடித்தாள்.

எல்லாம் நேராகிவிட்டது என்று எழுத முடியாது. பிளஸ் ஒன் பாதியில் நோய் திரும்பியது. மறுபடியும் ஸ்டீராய்டு, மறுபடியும் உப்பிய முகம், சில வாரங்கள் வீடு. ஆனால் இந்த முறை பாடத்துக்காக அவள் கலங்கவில்லை. தனியாகப் படிக்கும் பழக்கம் கைகொடுத்தது. வகுப்பில் நடந்ததையெல்லாம் நஸ்ரின் போனில் குரல்பதிவாக அனுப்புவாள். அதில் பாடம் கொஞ்சம், வம்பு நிறைய. உள்ளறையிலிருந்து ரோசியின் சிரிப்புச் சத்தம் கடை வரை கேட்கும். அந்த உப்பிய முகத்தோடேயே பள்ளிக்குத் திரும்பிப் போனாள்.

வளர்ந்த பிள்ளையை வீட்டில் வைத்துப் படிக்க வைக்கலாமா என்று இப்போது சிலர் என்னிடம் கேட்கிறார்கள். எங்களுக்குத் தெரிந்ததை மட்டும் சொல்கிறேன். அந்த வருஷம் வீடு இல்லையென்றால் ரோசியின் உடம்பு தேறியிருக்காது. படிப்பும் கெடவில்லை, பள்ளியில் கற்றதைவிட ஆழமாகவே கற்றாள். ஆனால் பதினைந்து வயதில் ஒரு பிள்ளைக்கு, அப்பாவும் அம்மாவும் கேட்கக் கூடாத பேச்சு தினமும் கொஞ்சமாவது வேண்டும். அதை எங்களால் கொடுக்க முடியவில்லை. எவ்வளவு பிரியம் வைத்தாலும் முடியாது. வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள், தேவையென்றால். யாராவது தோழி வந்து நின்றால் தூங்குகிறாள் என்று சொல்லி அனுப்பாதீர்கள். எப்போது திரும்பப் போவது என்பதைப் பிள்ளையே சொல்லட்டும்.

எங்கள் உடம்பும் மாறிவிட்டது. எந்தத் தெருவுக்குப் போனாலும் கழிப்பறை எங்கே என்று என் கண் தானாகத் தேடும். ரோசி குளியலறைக் கதவைத் திறக்கும் சத்தத்தில் இருந்தே செலினுக்கு அன்றைய நாள் எப்படி என்று தெரியும். அடுத்த வருஷம் என்று பேசுவதை விட்டுவிட்டோம். ரத்தப் பரிசோதனைக்கும் அடுத்த ரத்தப் பரிசோதனைக்கும் நடுவில் இருப்பதுதான் எங்களுக்குக் காலம். அந்த நடுவில் எவ்வளவு இடம் இருக்கிறது என்பது முன்பு தெரியாது.

போன வாரம் பள்ளி விட்டு வெகுநேரம் ஆகியும் ரோசியைக் காணவில்லை. கடைக்கு வெளியே வந்து சாலையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். போன் வந்தது. பின்னால் கடல் சத்தமும் பெண்பிள்ளைகளின் கூச்சலும்.

"அப்பா, நாங்கெல்லாம் பீச்சுல இருக்கோம். மிளகாய் பஜ்ஜி சாப்புடுறோம்."

"வயிறு எப்படிம்மா இருக்கு?"

"என்னது? கேக்கலப்பா."

இன்னொரு தடவை கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை.

"எப்ப வருவ?"

"தெரியலப்பா" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.