சார்ட் சார்

பக்கத்து ஹாலிலிருந்து ‘ஓ’ என்று ஒரு சத்தம் வரும். அதைக் கேட்டதும் சார்ட் சாருடைய தலை ஒரு தரம் நிமிரும். கை நிமிராது. இந்தியன் இங்க்கில் இழுக்கிற கோடு பாதியில் நின்றால் அந்த இடத்தில் மை சொட்டிவிடும், அப்புறம் முழு சார்ட்டும் பாழ். அதனால் கோட்டை முடித்து, பேனாவைத் துணியில் துடைத்து, முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்து, வேட்டியைச் சரிசெய்துகொண்டு அவர் ஹால் கதவருகே வருவதற்குள் அங்கே சோதனை முடிந்திருக்கும். கொஞ்சம் புகை இருக்கும். மேஜையைச் சுற்றி நிற்கிறவர்களின் முதுகுகள் இருக்கும். ஒரு நிமிஷம் நின்றுவிட்டுத் திரும்பிப் போய்த் தரையில் உட்கார்ந்து அடுத்த கோட்டை ஆரம்பிப்பார். மூன்று கோடை விடுமுறைகளில் இந்தக் காட்சியைப் பார்த்தேன்.

எண்பதுகளின் தொடக்கம் அது. புதுச்சேரியில் அறிவியல் ஆசிரியர்களுக்கு மே மாதத்தில் பயிற்சி முகாம் வைப்பார்கள். வருஷம் பூராவும் பிள்ளைகளோடு மாரடித்தவர்களுக்கு விடுமுறையில் கிடைக்கிற தண்டனை என்றுதான் நாங்கள் பேசிக்கொள்வோம். வராவிட்டால் மெமோ வரும். பிரெஞ்சுக்காரன் காலத்தில் ஏதோ ஆபீசாக இருந்த பழைய கட்டடம். ஆள் உயரத்துக்கு இரண்டு மடங்கு ஜன்னல்கள். இரண்டு தெரு தாண்டினால் கடல். ஆனால் ஒரு ஜன்னலையும் திறக்க விடமாட்டார்கள். காற்று வந்தால் ஸ்பிரிட் விளக்கு அணையும், சார்ட் பறக்கும். கடற்காற்று ஜன்னல் கதவைத் தட்டிக்கொண்டே இருக்க, நாங்கள் உள்ளே வெந்துகொண்டிருந்தோம். முதலியார்பேட்டையில் மூன்று வயதுப் பிள்ளையை மாமியாரிடம் விட்டுவிட்டு வந்திருந்தேன். ‘உங்க வாத்தியாருங்களுக்கு இன்னமுமா படிப்பு முடியல?’ என்று அவர் தினம் கேட்பார். நியாயமான கேள்விதான்.

சார்ட் சார் எங்கள் பள்ளிக்கூடத்துக்காரர். அங்கே அவர் மூத்த அறிவியல் ஆசிரியர்; முகாமில்தான் இந்தப் பெயர் வந்து ஒட்டிக்கொண்டது. எங்கள் பள்ளியில் ஆய்வகம் என்று ஒன்று கிடையாது. அரசாங்கம் கொடுத்த அறிவியல் பெட்டி தலைமையாசிரியர் அறையில் சீல் பிரிக்காமல் இருந்தது. பிரித்து ஏதாவது உடைந்தால் யார் பதில் சொல்வது என்று பயந்து, அதன்மேல் ஒரு துணியை விரித்துப் பூ ஜாடி வைத்திருந்தார் அந்த மகானுபாவர். அதனால் சார் பாடத்தை எல்லாம் கரும்பலகையில் வரைந்தே நடத்துவார். ஆக்சிஜன் தயாரிக்கிற பாடம் என்றால் ஸ்பிரிட் விளக்கு, அதற்குமேல் சாய்ந்த கண்ணாடிக் குழாய், தண்ணீர்த் தொட்டி, கவிழ்த்து வைத்த ஜாடி, ஜாடிக்குள் ஏறுகிற குமிழிகள் என்று கலர் சாக்பீஸில் வந்துகொண்டே இருக்கும். சின்ன வயசில் பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் படித்தவர். ஸ்கேல் வைக்காமல் விரலால் அளந்து, ‘ஆன், தே, த்ருவா’ என்று வாய்க்குள் எண்ணிக்கொண்டே கோடு போடுவார். கடைசியில் பிள்ளைகள் பக்கம் திரும்பி, ‘இந்த ஜாடிக்குள்ள தணல் குச்சியைக் காட்டினா பிரகாசமா பத்தி எரியும்’ என்பார். பிள்ளைகள் அப்படியே நம்பும். பக்கத்து வகுப்பிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிற நானும் நம்புவேன்.

அந்தக் குச்சி எரிந்ததை அவர் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை என்பது முதல் முகாமுக்குப் போகிற பஸ்ஸில்தான் எனக்குத் தெரிந்தது. புது வேட்டி கட்டிக்கொண்டு, பள்ளியில் சேர்க்கப் போகிற பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தார். இந்தத் தடவை தன் கையாலேயே ஆக்சிஜன் செய்து பார்த்துவிட வேண்டும் என்றார். சூடாக்கினால் ஆக்சிஜன் வருகிற பர்மாங்கனேட் மருந்துக் கடையிலேயே கிடைக்கிறதே, வீட்டிலேயே செய்து பார்த்திருக்கலாமே சார் என்று கேட்டேன். சிரித்தார்.

“வீட்ல செஞ்சு தப்பாப் போனா யாரைப் போய்க் கேக்கிறது? வாத்தியார் தப்புப் பண்ணலாம்னு இருக்கிற ஒரே எடம் இந்த முகாம்தாம்மா.”

முதல் நாள் காலையிலேயே கெட்டது காரியம். முகாமை நடத்தியவர் ஒரு கல்லூரிப் பேராசிரியர். எல்லாரும் டைரக்டர் என்போம். கெட்டவர் இல்லை, ஆனால் அவருடைய கண் பூராவும் கடைசி நாள் விழாமேல்தான் இருக்கும். மேலதிகாரி வருவார், சுவர் நிறைய சார்ட் தொங்க வேண்டும். யாருக்குப் படம் வரும் என்று கேட்டார். எங்கள் கூட்டத்தில் ஒரு வாய் சும்மா இருக்காமல் சாரைக் காட்டிவிட்டது. ஒரு படம்தானே என்று சார் போனார். ஒன்று பத்தானது. ஹாலில் விரித்தால் மிதித்துவிடுவார்கள் என்று பக்கத்து அறையை ஒழித்துக் கொடுத்தார்கள். முகாம் முடிகிற வரைக்கும் அவரால் சோதனை மேஜைப் பக்கம் போகவே முடியவில்லை.

அடுத்த வருஷம் கேட்கவே வேண்டாம். சார் முகாமுக்குப் போவதற்கு முன்பே சார்ட் பேப்பர் கட்டு அந்த அறையில் காத்திருந்தது. டீயும் வடையும் அவருக்கு முதலில் போகும். டைரக்டர் வருகிறவர் போகிறவரை எல்லாம் கூட்டிவந்து, ‘இது கை இல்ல, தங்கம்’ என்று காட்டுவார். மாட்டைத் தடவிக் கொடுத்தே செக்கில் கட்டுகிற வித்தை அது. திட்டினால் திருப்பிப் பேசலாம். பாராட்டுகிறவரிடம் என்ன சண்டை போடுவது? மத்தியானச் சாப்பாட்டில் மற்றவர்கள் யார் குழாய் வெடித்தது, யார் விரலைச் சுட்டுக்கொண்டார்கள் என்று பேசிச் சிரிக்கும்போது இவர் மோர்சாதத்தைப் பிசைந்தபடி ஒவ்வொருத்தர் வாயையும் பார்த்துக்கொண்டிருப்பார். ‘எப்படி எரிஞ்சுச்சு? நீலமாவா, வெள்ளையாவா?’ என்று என்னிடம் தனியாகக் கேட்பார். ‘நான் ஏட்டுச் சுரைக்காய்மா. கறிக்கு ஆகமாட்டேன்’ என்று தன்னைத் தானே கேலி செய்துகொள்வார். எனக்கு அந்தக் கேலி பிடிக்காது.

மூன்றாவது முகாம்தான் ஆசிரியராக அவருக்குக் கடைசி. பள்ளி திறந்த சில மாதங்களில் ஓய்வு. இந்தத் தடவை வாயைத் திறந்து சொல்லுங்கள் சார் என்று பஸ் முழுக்க அவரை நச்சரித்தேன். சொன்னார், பாவம். என் எதிரிலேயே, நானும் மேஜைக்குப் போகிறேன் சார் என்று டைரக்டரிடம் சொன்னார். டைரக்டர் அவர் தோளில் கைபோட்டுக்கொண்டு, சோதனையை யார் வேண்டுமானாலும் செய்துவிடலாம், இந்தக் கோட்டை வேறு யார் போடுவது என்று கேட்டார். கேட்டுக்கொண்டே அறை வாசல் வரை கூட்டிப்போய் விட்டுவிட்டார். எனக்கு வந்த ஆத்திரத்தில், கோணல்மாணலாக வரைந்து கொடுங்கள், விட்டால் போதும் என்று அவர்களே விடுவார்கள் என்று யோசனை சொன்னேன். சாயங்காலம் போய்ப் பார்த்தால் கண்ணாடிக் குழாய் கம்பி மாதிரி நேராக இருந்தது. ரொம்ப வெட்கத்தோடு சொன்னார்: கோணலாகத்தான் ஆரம்பித்தாராம், பாதிக்குமேல் கை கேட்கவில்லையாம்.

கடைசி நாள் விழா. மேடையில் ஒரு மேஜை போட்டு ஆக்சிஜன் சோதனைக்கான எல்லாவற்றையும் பொருத்தி வைத்திருந்தார்கள். பின்னால் சாருடைய சார்ட். மேலதிகாரி வந்தார், சார்ட்டைப் பார்த்தார், அப்படியே நின்றுவிட்டார். வரைந்தது யார் என்று கேட்டு சாரை மேடைக்கு வரவழைத்தார். படமே இப்படியென்றால் செய்து காட்டினால் எப்படி இருக்கும், நீங்களே செய்யுங்கள் என்றார். கும்பிடப் போன சாமி குறுக்கே வந்தாற்போல என்று எனக்கு ஒரே சந்தோஷம். பக்கத்தில் இருந்த டீச்சரின் கையை அழுத்திப் பிடித்துக்கொண்டேன்.

சார் மேஜை அருகே போனார். கண்ணாடிக் குழாயை ஒரு விரலால் தொட்டார், பிள்ளையின் கன்னத்தைத் தொடுகிற மாதிரி. தீப்பெட்டியை எடுத்தார். அப்புறம் அதைக் கீழே வைத்துவிட்டு மைக் பக்கம் திரும்பினார்.

“எனக்குச் செய்யத் தெரியாது சார். முப்பது வருஷமா பாடம் நடத்தறேன், ஒரு தடவைகூட செஞ்சது இல்ல. யாராவது பக்கத்துல நின்னு சொல்லிக் குடுத்தா செய்றேன்.”

அந்த மனுஷன் தன் வாழ்நாள் வெட்கத்தை அத்தனை பேர் முன்னால் அவிழ்த்து வைத்துவிட்டு நின்றார். மேலதிகாரி அவரைப் பார்த்தார், சார்ட்டைப் பார்த்தார். பிறகு சிரித்தார். இவ்வளவு தெரிந்த மனிதருக்கு எத்தனை அடக்கம் பாருங்கள், நிறைகுடம் தளும்பாது என்று மைக்கில் சொல்லிவிட்டுக் கையைத் தட்டினார். அவர் தட்டினால் டைரக்டர் தட்டாமல் இருப்பாரா? டைரக்டர் தட்டினால் ஹால் தட்டாதா? ஒரு பொன்னாடையைப் போர்த்தினார்கள். அது விளக்கில் பட்டுவிடப் போகிறது என்று யாரோ அவரை மேஜையிலிருந்து தள்ளி நிறுத்தினார்கள். ஓர் இளைஞர் வந்து சோதனையைச் செய்தார். குச்சியைக் காட்டுகிற நேரத்தில் போட்டோக்காரர் சாரைத் தன் பக்கம் பார்க்கச் சொன்னார். ‘ஓ’ என்று சத்தம் வந்தது.

கூட்டம் கலைந்த பிறகு நான் மேடைக்குப் போனேன். ஒரு தடவைக்கு வேண்டிய மருந்து மிச்சம் இருந்தது. வாங்க சார், நான் பக்கத்தில் நிற்கிறேன் என்று கூப்பிட்டேன். பொன்னாடையை மடித்தபடி நின்றவர், வரவில்லை.

“வேணாம்மா. கைதட்டிட்டாங்களே. இனிமே போய்க் கத்துக்கறேன்னு எப்படி நிக்கறது?”

ஓய்வுபெற்ற பிறகும் கோடை தவறாமல் கூப்பிட்டார்கள், வரைவதற்கு. போனார். கை நடுங்க ஆரம்பித்ததும் கூப்பிடுவதை நிறுத்தினார்கள். அதற்குப் பிறகு அவர் அதிக காலம் இல்லை.

நானும் ஓய்வுபெற்றுப் பல வருஷம் ஆகிறது. போன வருஷம் ஓர் ஆசிரியர் பயிற்சிக்கு என்னை விருந்தினராக அழைத்திருந்தார்கள். கடைசி வரிசையில் ஒரு சின்னப் பெண், வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகியிருக்காது, கையைத் தூக்கி, ‘எனக்கு இது தெரியாது மேடம், செஞ்சதே இல்ல’ என்றாள். எனக்குத் திக்கென்றது. மேடையில் இருந்தவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தேன். யாரும் சிரிக்கவில்லை, யாரும் கைதட்டவில்லை. பயிற்சி கொடுத்த அம்மாள் கையிலிருந்ததை வைத்துவிட்டு நேரே போய் அந்தப் பெண்ணின் பக்கத்தில் நின்றார். விருந்தினர் எதற்கு அழுகிறார் என்று அங்கே யாருக்கும் புரியவில்லை.