போர்வைக் கடையில் முகவரி மறைத்த கதை

இணையக் கடையில் சரக்கைக் காட்டுவது பாதி வேலை. அது எங்கிருந்து வருகிறது என்று காட்டாமல் இருப்பது மீதி வேலை. முதலாளியின் சந்தேகத்தையும் வாடிக்கையாளரின் சந்தேகத்தையும் ஒரே நாற்காலியில் உட்கார்ந்து வாங்கிக் கட்டிக்கொள்ளும் என் இனத்தவரே, இது உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். மற்றவர்கள் சிரித்துவிட்டுப் போகலாம்.

மச்சான் வைத்த வேட்டு

காரைக்காலில் ஒரு மாடி அறைதான் எங்கள் கடை. போர்வை, தலையணை உறை, ஜன்னல் திரை எல்லாவற்றையும் இணையத்தில் விற்கிறோம். சரக்கு கரூரில் ஒரு மில்லிலிருந்து வருகிறது. முதலாளி தனசேகர் சார். கீழ்த்தளத்தில் பார்சல் கட்டுவது கருக்களாச்சேரி மல்லிகா அக்கா. தளத்தைப் பார்த்துக்கொள்வது, போன் எடுப்பது, திட்டு வாங்குவது மூன்றும் நான், இந்துமதி.

ஒருநாள் சாரின் மச்சான் சும்மா எட்டிப் பார்க்க வந்தார். வந்தவர் சும்மா இருக்கலாம்தானே? எங்கள் தளத்தில் ஒரு போர்வைப் படத்தின் மேல் மவுஸை வைத்து வலது பக்கம் அழுத்தினார். படம் தனியாகத் திறந்தது. மேலே கரூர் மில்லின் முகவரி பளிச்சென்று தெரிந்தது. படங்களை மில்லின் தளத்திலிருந்தே நேராக எடுத்துக் காட்டிக்கொண்டிருந்தோம், அதனால் வந்த வினை. "ஓ, சரக்கு இங்கேருந்துதான் வருதா மச்சான்?" என்று அவர் சாதாரணமாகத்தான் கேட்டார். சாரின் முகம் வெளுத்துவிட்டது. மில் தெரிந்தால் ஜனங்கள் நேராக அங்கேயே வாங்கிவிடுவார்கள், கடையை இழுத்து மூட வேண்டியதுதான் என்று அவருக்குப் பயம்.

மச்சான் படியிறங்குவதற்குள் உத்தரவு வந்துவிட்டது. எந்த முகவரியும் யார் கண்ணிலும் படக்கூடாது. மறைத்தேன். எந்தப் பக்கத்துக்குப் போனாலும் மேலே கடையின் பெயர் மட்டும்தான் நிற்கும். வலது பக்கம் அழுத்தினால் ஓர் எச்சரிக்கை வரும். எனக்கும் அது நியாயமாகவே பட்டது. எங்கள் ஊரான பூவத்தில் நாங்கள் நெல் சாகுபடி செய்கிற குடும்பம். எடைபோடுகிறவனின் கையைப் பார்க்காமல் தராசைப் பார்த்தது கிடையாது. சந்தேகம் எனக்குப் பிறவிச் சொத்து. மல்லிகா அக்காவுக்குத்தான் ஒன்றும் விளங்கவில்லை. விஷயத்தை முழுக்கக் கேட்டுவிட்டு, கையிலிருந்த டேப்பைக் கிழித்தபடி சொன்னார்:

"ஒளிச்சு வெக்கிற அளவுக்கு நாம என்னம்மா விக்கிறோம்? போர்வதானே?"

கோடு நேராக இருக்கிறதா

அந்த எச்சரிக்கையின் வாசகம் சார் சொன்னது. 'உங்கள் செயல் பதிவு செய்யப்படுகிறது' என்று போடச் சொன்னார். பயம் இருக்க வேண்டுமாம். இருந்தது. மறுவாரமே கோட்டுச்சேரியிலிருந்து ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர், வெள்ளைச் சட்டையும் வியர்வையுமாக மாடியேறி வந்தார். உட்காரச் சொன்னால் உட்காரவில்லை. கையில் ஆதார் அட்டை நகல் வைத்திருந்தார்.

"நான் தப்பா ஒண்ணும் பண்ணலீங்க. கட்டம் போட்ட பெட்ஷீட்டு, கோடு நேரா ஓடியிருக்கான்னு பெருசு பண்ணிப் பாக்கலாம்னு அமுக்குனேன். பதிவு பண்ணிட்டோம்னு வந்துடுச்சு" என்றார். நான் அது வெறும் மிரட்டல்தான் என்று விளக்கினேன். வெறும் மிரட்டலை ஒரு கடை எதற்குப் போடும் என்று அவர் என்னைச் சந்தேகமாகப் பார்த்தார். தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டு, போர்வையைப் பற்றி நான் வாயெடுப்பதற்குள் கையெடுத்துக் கும்பிட்டார்:

"கேஸு எதுவும் இல்லன்னு மட்டும் வாயால சொல்லிடுங்கம்மா, பெட்ஷீட்டு வேணாம்."

கிரகப்பிரவேசத்துக்குக் கறுப்புத் திரை

போலகத்தில் ஒரு வீட்டில் கிரகப்பிரவேசம். வீட்டுக்காரம்மா சுமதி, மாம்பழ நிறத்தில் சரிகைக்கரை போட்ட ஜன்னல் திரையை எங்கள் தளத்தில் பார்த்து வைத்திருந்தார். திரைக்குக் காசு போடுவது பிரான்சில் இருக்கும் நாத்தனார். ஆகவே சுமதி அந்தப் பக்கத்து லிங்க்கை அவருக்கு வாட்ஸப்பில் அனுப்பி, "இதுதான் பாத்தேன், உங்களுக்குப் புடிச்சிருக்கா?" என்று கேட்டார்.

இங்கேதான் என் கைங்கர்யம். எல்லாப் பக்கத்துக்கும் ஒரே முகவரி என்று ஆக்கிவிட்டேன் அல்லவா, லிங்க்கைத் தொட்டால் எந்தத் திரையும் திறக்காது, கடையின் முகப்புதான் திறக்கும். முகப்பில் அன்றன்றைக்கு ஒரு சரக்கு மேலே நிற்கும். நாத்தனார் திறந்தபோது மேலே நின்றது கன்னங்கரேலென்று ஒரு திரை, படுக்கையறையில் வெளிச்சம் வராமல் இருக்க மாட்டுவது. புது வீட்டுக்குக் கறுப்புத் திரையா என்று அவருக்குப் பதறிவிட்டது. சுமதி மாம்பழ நிறம் என்று சத்தியம் செய்கிறார். சரிபார்த்துச் சொல் என்று நாத்தனார் அதே லிங்க்கைத் தன் அண்ணனுக்கு, அதாவது சுமதியின் வீட்டுக்காரருக்கு, தட்டிவிட்டார். அவர் திறந்தது மறுநாள். அன்றைக்கு மேலே நின்றது கரடிப் பொம்மை போட்ட குழந்தைத் துண்டு. அண்ணன் பெண்டாட்டி தன்னிடம் ஒன்றைக் காட்டிவிட்டு வேறு எதையோ வாங்கப் பார்க்கிறாள் என்று நாத்தனார் முடிவுகட்டிவிட்டார். பேச்சு நின்றது. கிரகப்பிரவேசத்துக்கு வருவதே சந்தேகம் என்ற அளவுக்குப் போனது.

கடைசியில் சுமதி அழுதுகொண்டே எனக்குப் போன் செய்தார். நான் திரையைப் படம் பிடித்து, நடந்ததையும் சொல்லி, பிரான்சுக்கு நேராக அனுப்பினேன். உடனே அங்கிருந்து அழைப்பு வந்தது. திட்டுவார் என்று நினைத்தேன், திட்டவில்லை. மெதுவாகக் கேட்டார்:

"எங்க அண்ணிய சந்தேகப்பட்டு இத்தன நாளு பேசாம இருந்துட்டேன்மா. சந்தேகப்பட வேண்டியது உங்க கடையத்தானா?"

வாசலிலேயே நிற்கும் வங்கி

பணம் கட்டும் இடத்திலும் இதே கதைதான். உள்ளே பணம் கட்டுவது வங்கியின் பக்கம், ஆனால் மேலே முகவரி அசையாமல் எங்கள் கடைப் பெயரிலேயே நிற்கும். இணைய மோசடி பற்றி எல்லா வங்கியும் எச்சரித்துக்கொண்டிருக்கிற காலம். கூடையில் சரக்கைப் போட்டவர்கள் பணம் கட்டும் இடத்தில் நின்று, மேலே பார்த்து, அப்படியே கழன்றுகொண்டார்கள். ஆர்டர் விழுவது குறைந்துகொண்டே வந்தது. ஏன் பாதியில் விட்டுவிட்டீர்கள் என்று ஒரு அம்மாளைக் கூப்பிட்டுக் கேட்டேன். பொறுமையாக, எனக்கே பாடம் சொல்வது மாதிரிச் சொன்னார்:

"பேங்குக்குக் கூட்டிட்டுப் போறோம்னு சொல்றீங்க, ஆனா உங்க கடை போர்டு மட்டும் கூடவே வருது. அப்ப நான் எங்கம்மா காசு குடுக்குறேன்?"

இரண்டு பேர்

இந்த நேரம் பார்த்து, கடைத்தெருவில் புதிதாகத் திறந்த கடை ஒன்றில் எங்கள் கரூர்ப் போர்வை அப்படியே தொங்கியது. அதே பூ, அதே கரை. சார் பார்த்துவிட்டு வந்தார். யாரோ மில்லைக் காட்டிக்கொடுத்துவிட்டார்கள் என்பது அவருக்கு உறுதியாகிவிட்டது. அதனால்தான் ஆர்டரும் விழவில்லை என்று கணக்கை முடித்துவிட்டார். மறைத்ததால்தான் விழவில்லை என்று நான் சொன்னது காதில் ஏறவில்லை. சொல்வது நானாயிற்றே!

முதலில் தளத்தின் கடவுச்சொல்லை மாற்றினார். அப்புறம் நான் பேசும் போனை ஸ்பீக்கரில்தான் பேச வேண்டும் என்றார். நான் வாடிக்கையாளரிடம் பேச, எதிர் நாற்காலியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பார். முகத்தை மட்டும் பார்க்கமாட்டார். மாதம் முடிவதற்குள் யார் சொன்னது என்று தெரியாவிட்டால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வதாக மல்லிகா அக்காவிடம் சொல்லியிருக்கிறார். வேலை போனால்கூட வேறு தேடிக்கொள்ளலாம். ஆனால் இது சின்ன ஊர், திருட்டுப் பட்டத்தோடு இறங்கினால் எந்தக் கடைப் படியில் ஏறுவது? வண்டியை எடுக்கப் போன இடத்தில் அழுதுவிட்டேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு மேலே வந்து, நேராகவே கேட்டேன்: "சார், நான்தான் சொன்னேன்னு நெனைக்கிறீங்களா?" கம்ப்யூட்டர் திரையைப் பார்த்தபடியே பதில் சொன்னார்:

"எங்க மச்சான விட்டா, மில்லு அட்ரஸ் தெரிஞ்சது ரெண்டே பேருக்குத்தான் இந்து. அதுல ஒண்ணு நான்."

விடுதிக்கார அம்மாள்

மாதக் கடைசியில் ஜெயந்தி அம்மாளிடமிருந்து போன். திருநள்ளாறில் சின்னத் தங்கும் விடுதி நடத்துகிறவர். சனிக்கிழமைக் கூட்டத்துக்கு அவருக்குப் போர்வை எத்தனை இருந்தாலும் போதாது. எங்களிடம் மொத்தமாக வாங்குவது அவர் ஒருவர்தான். மில்லுக்கு யாராவது நேராகப் போவதென்றால் முதலில் போக வேண்டியவர். ஸ்பீக்கரில் போட்டேன். எதிரே சார்.

"இந்து, இந்தத் தலவாணி உற பத்தலம்மா. இந்தக் கரூரு மில்லுக்காரன் எப்பவும் ரெண்டு விரல் கொறச்சுத்தான் தைக்கிறான்" என்றார். எனக்கு உயிர் போய் வந்தது. சார் நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டார். போனைப் பிடுங்காத குறை. "நான் ஓனர் பேசுறேங்க. கரூர் மில்லுன்னு உங்களுக்கு யாரு சொன்னா?"

"யாரு சார் சொல்லணும்? நீங்க அனுப்புற கவர்லயே பெருசா அடிச்சிருக்கே. பேரு, போன் நம்பரு, வெப்சைட்டு எல்லாம்."

சார் கீழே ஓடினார், பின்னாலேயே நான். பார்சலுக்காக அடுக்கியிருந்த போர்வைகளில் ஒன்றை எடுத்துப் புரட்டினார். பிளாஸ்டிக் உறையின் பின்பக்கத்தில், கண்ணாடி போடாமலே படிக்கிற அளவில், மில்லின் முகவரி நீல எழுத்தில் இருந்தது. நான் கம்ப்யூட்டரில் ராப்பகலாக மறைத்ததை நாங்களே மடித்து, ஒட்டி, கூரியரில் வீடு வீடாக அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறோம். "கம்ப்யூட்டர்லதானேம்மா மறைக்கச் சொன்னாரு?" என்றார் மல்லிகா அக்கா. புதுக் கடைக்காரரும் எங்களிடம் ஒரு போர்வை வாங்கியவராகத்தான் இருக்க வேண்டும். சாரும் நானும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். பல நாள் கழித்து அன்றைக்குத்தான் பார்த்தார். "தப்பா நெனச்சுட்டேம்மா" என்றார். எனக்குக் கோபம் போகவில்லை, ஆனால் மூச்சு வந்தது.

மேலே போன் இன்னும் துண்டிக்கப்படவில்லை. சார் அதை எடுத்து, மில் தெரிந்தும் நேராக ஏன் வாங்கவில்லை என்று, ஏதோ குற்றம் விசாரிப்பதுபோலவே கேட்டார். ஜெயந்தி அம்மாள் சிரித்தார்:

"அங்க போன் பண்ணிப் பாத்தேன் சார். ஒண்ண அமுக்கு, ரெண்ட அமுக்குன்னு பாட்டுதான் வருது. இங்கன்னா இந்தப் பொண்ணு எடுத்து, 'அளவு சொல்லுங்கம்மா, மாத்தி அனுப்புறேன்'னு சொல்லுது. நான் அதுகிட்டத்தான் வாங்குறேன், உங்ககிட்ட இல்ல."

இப்போது எங்கள் தளத்தில் எல்லா முகவரியும் திறந்து கிடக்கிறது, என் பெயரையும் போன் நம்பரையும் தவிர. அந்தப் புதுக் கடைக்காரர் கூப்பிட்டு என்னை வேலைக்கு இழுத்துவிடுவார் என்று சாருக்குச் சந்தேகம்.