மகள் எனக்கென்று வைத்த மிச்சம்

அந்த மாதங்களில் "போதும் மம்மி" என்று தட்டைத் தள்ளிவைத்தபோதெல்லாம் என் மகளுக்கு உண்மையிலேயே வயிறு நிறைந்திருந்ததா? அவளையே கேட்டேன். பதிலும் சொன்னாள். அந்தப் பதிலை நம்பலாமா என்பதுதான் இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

நான் நர்சிங் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். கல்யாணமாகி, பிள்ளை பெற்ற பிறகு சேர்ந்தவள். வகுப்பில் மற்றவர்கள் பி.யு.சி., அதாவது பிளஸ் டூ, முடித்த கையோடு வந்த பெண்கள். என்னை அக்கா என்பார்கள். எங்கள் வீடு சாம்பியன் ரீப்ஸில், பழைய தங்கச் சுரங்கக் குடியிருப்பில். கணவர் விடியுமுன் பெங்களூரு ரயிலைப் பிடித்துப் போய், மகள் தூங்கிய பிறகு திரும்புவார். அடுத்த வீட்டில் அவருடைய அக்கா, என் அண்ணி, இருக்கிறார். நான் ட்யூட்டியில் இருக்கும் நேரமெல்லாம் மகள் அவரிடம்தான். எல்.கே.ஜி. படிக்கிறாள்.

சேர்ந்தபோது தைத்த வெள்ளை யூனிபார்ம் முதல் வருடமே இடுப்பில் பிடித்தது. தையல்காரர் இரண்டு பக்கமும் பிரித்துவிட்டார். பழைய தையல் இருந்த இடத்தில் மட்டும் துணி புதிதாக, கூடுதல் வெள்ளையாக ஒரு கோடு போல நின்றது. மறுபடி போனபோது, "உள்ள துணி இல்லம்மா" என்று கையை விரித்தார். எடை எப்படி ஏறியது என்று கேட்டால் எதைச் சொல்வது? பிள்ளை பெற்ற உடம்பு. தூக்கம் காணாத உடம்பு. வார்டில் நின்ற அலுப்பில் பஸ் ஸ்டாண்ட் பஜ்ஜியைத் தேடுகிற உடம்பு. என் அம்மாவுக்குச் சர்க்கரை இருக்கிறது. அடுத்தது நான்தான் என்கிற பயமும் உண்டு. காலையில், சுரங்கக் கழிவு மண் மலையாய்க் குவிந்த சயனைட் மேட்டை ஒட்டிய சாலையில் சில நாள் நடந்துபார்த்தேன். காற்றுக்காலம், வாயெல்லாம் மண். திரும்பி வருவதற்குள் மகள் எழுந்து அழுதிருப்பாள். அதுவும் நின்றுபோனது.

கடைசியில் எனக்குச் சுலபமாகப் பட்ட வழியைப் பிடித்தேன். ராத்திரியில் தட்டு எடுப்பதில்லை. சபதமெல்லாம் ஒன்றும் செய்யவில்லை. எடுப்பதில்லை, அவ்வளவுதான். மகளுக்கு ஊட்டுவேன். அவள் மிச்சம் வைப்பதை வாயில் போட்டுக்கொண்டு தட்டைக் கழுவிவிடுவேன். சோற்றைக் குப்பையில் கொட்ட எனக்குக் கை வராது. அதைச் சாப்பாட்டுக் கணக்கில் நான் சேர்த்ததும் இல்லை. நின்றுகொண்டு தின்றதை யார் சாப்பாடு என்பார்கள்?

அண்ணி பார்த்துவிட்டால் விடமாட்டார். "இன்னாம்மா, கேஜு போயிடப் போவுதா? உக்காந்து துண்ணு" என்பார். கேஜ் என்றால் சுரங்கத்துக்குள் ஆட்களை இறக்கிய கூண்டு. சுரங்கம் மூடி எவ்வளவோ காலமாகிறது, அவசரக்காரர்களுக்கு எங்கள் பக்கத்தில் இந்தக் கேலி மட்டும் மூடவில்லை.

"நான் சாப்ட்டேன் அண்ணி."

"எப்போ? இன்னாத்த துண்ணே?"

"ஆஸ்பத்திரிலயே சாப்ட்டேன்."

மகள் பக்கத்தில்தான் உட்கார்ந்திருப்பாள். கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

எங்கள் படிப்பில் நோயாளிகளுக்குச் சுகாதாரப் பேச்சு ஒன்று கொடுக்க வேண்டும். எனக்கு வந்த தலைப்பு, உடல் எடையும் உணவுப் பழக்கமும். பின்வரிசைப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். டியூட்டர் மேடம் என் பெல்ட்டைச் சரிசெய்தபடி, "சொல்றதை முதல்ல நம்ம உடம்புல காட்டணும், இல்லையா?" என்று மெதுவாகச் சொன்னார். "எஸ் மேடம்" என்றேன். அவர் சொன்னது சரிதான். பெல்ட்டைப் பிடித்துக்கொண்டு சொல்லியிருக்க வேண்டுமா என்று வழியெல்லாம் யோசித்தேன். பெல்ட் நிஜமாகவே கோணியிருந்ததோ என்னவோ.

புறநோயாளிகள் பெஞ்சின் முன்னால் படங்களைப் பிடித்துக்கொண்டு பேசினேன். கீரை, பயறு, எண்ணெயைக் குறைப்பது, நேரத்துக்குச் சாப்பிடுவது. சர்க்கரை பார்க்க பேத்தமங்களாவிலிருந்து வந்திருந்த ஒரு அம்மா, முடியும் வரை பொறுமையாகக் கேட்டார். பிறகு, "அதெல்லாம் கரெக்டு சிஸ்டர். நேத்து ராத்திரி நீங்க இன்னா துண்ணீங்க? அத்த சொல்லுங்க, நாங்களும் அத்தயே துண்றோம்" என்றார். பெஞ்சு முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன்.

"ரெண்டு சப்பாத்தி, காய்" என்றேன்.

உண்மையில் மகளின் பாதித் தோசை, அவள் ஒதுக்கிய முட்டையின் மஞ்சள் கரு, பாலில் ஊறிப்போன ரொட்டி ஓரம். எல்லாம் அவள் பேரில் வந்தவை. நோயாளியிடம் "சாப்பிட்டீங்களா?" என்று கேட்கக் கூடாது, கேட்டால் எல்லோரும் ஆமாம் என்பார்கள், ஒவ்வொன்றாகப் பிரித்துக் கேளுங்கள் என்று எங்களுக்குச் சொல்லித்தருகிறார்கள். அண்ணியை விட்டால், என்னை அப்படிக் கேட்டது அந்த அம்மா ஒருவர்தான்.

அந்தச் சமயத்தில்தான் மகளின் பள்ளிக்கூடப் பாவாடைக்கு அண்ணி ஊக்கு குத்தி அனுப்ப ஆரம்பித்தார். இடுப்பில் நிற்கவில்லையாம். எனக்கு இடம் போதாமல் பிரித்த வீட்டில் அவளுக்கு இழுத்துக் குத்துகிறோமே என்று சுருக்கென்றது. எடை பார்த்தேன். மழைக்கு முன்னால் பார்த்த அதே எடை. இந்த வயதில் எடைக்கோடு ஏறிக்கொண்டே போக வேண்டும். கோடு ஏறாமல் படுத்திருந்தால் கவனிக்க வேண்டும். அதைத்தான் போன வாரம் பரீட்சையில் எழுதியிருந்தேன். பூச்சியா, சிறுநீரில் கிருமியா, பிரைமரி காம்ப்ளக்ஸா? குழந்தை நோய்ப் புத்தகத்தில் எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் அதில் என் மகள் இருந்தாள். டாக்டர் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, "குழந்தை நல்லா இருக்கா. என்ன சாப்பிடுறான்னு பாருங்க" என்றார். என் கையாலேயே ஊட்டுகிற என்னிடம்.

சாயங்காலம் அண்ணியிடம் சொன்னேன்.

"அவ நல்லாத்தான் துண்றா. பாதிய உனக்கு எடுத்து வெச்சிட்றா, அவ்ளோதான்" என்றார்.

"எனக்கா?"

"நீ வர லேட்டாவுற நாள்ல பாரு. தட்ட மூடி வெச்சிட்டு 'மம்மிக்கு'ங்கிறா. தொட்டா சண்டைக்கு வரா. நீதான் சொல்லிக் குடுத்து கீறேன்னு நெனச்சேன்."

அந்த மூடிய தட்டுகளை எனக்குத் தெரியும். அண்ணியால் ஊட்டி முடிக்க முடியாத மிச்சம் என்று நினைத்து, யூனிபார்மோடு நின்றபடி தின்றிருக்கிறேன்.

மறுநாள் சோறும் முட்டைக் குழம்பும் செய்து, இரண்டு தட்டு வைத்து உட்கார்ந்தேன். மகள் என் தட்டையே பார்த்தாள்.

"இது யாருக்கு?"

"எனக்கு."

"உனக்கேவா?"

நான் முதல் வாய் வைக்கும்வரை பார்த்துவிட்டு, தன் தட்டில் கைவைத்தாள். சோறு முழுவதையும் தின்றாள். பிடிக்காது, பிடிக்காது என்று இத்தனை நாள் ஒதுக்கிவந்த மஞ்சள் கருவையும் தின்றாள். அன்றைக்குப் பள்ளிக்கூடத்தில் ஓடியாடிய பசியாகவும் இருக்கலாம். நான் உட்கார்ந்த சந்தோஷமாகவும் இருக்கலாம்.

"முன்னாடி எல்லாம் பசிச்சுச்சா பாப்பா? பசியோட படுத்தியா?"

"இல்ல மம்மி. நான் சாப்ட்டேன்."

முகத்தைப் பார்க்காமல், சட்டென்று, அடுத்த கேள்விக்கு இடம் வைக்காமல் சொன்னாள். அண்ணியிடம் நான் சொல்வது அப்படித்தான்.

அன்றிலிருந்து தட்டு எடுக்கிறேன். பாவாடையில் ஊக்கு இல்லை. என் யூனிபார்ம்தான் இன்னும் அப்படியே பிடிக்கிறது. அளவாகச் சாப்பிட்டால் குறையும், எனக்குத் தெரியாததா? ஆனால் மகள் என் தட்டை எண்ணுகிறாள். "நீ ரெண்டு இட்லிதான் துண்ணே. எனக்கும் ரெண்டு போதும்" என்கிறாள். நான் மூன்றாவதை எடுத்தால்தான் அவளும் எடுக்கிறாள். பெரியவர்கள் கொஞ்சமாகச் சாப்பிட்டால் போதும், வளர்கிற பிள்ளைகள்தான் நிறையச் சாப்பிட வேண்டும் என்று சொல்லிப் பார்த்தேன். "அப்போ நான் பெரியவளானா துண்ணக் கூடாதா?" என்றாள். தண்ணீர் எடுத்துவருகிற சாக்கில் எழுந்து போய்விட்டேன்.

இதைப் படிக்கிறவர்களில் பிள்ளை வளர்த்துக்கொண்டே உடம்பைக் குறைத்தவர்கள் யாராவது இருப்பீர்கள். உணவுப் பட்டியல் வேண்டாம், அதை நானே மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருக்கிறேன். என் தட்டை எண்ணிக்கொண்டிருக்கும் ஒரு குழந்தைக்கு எதிரே, குறைத்துப் போட்ட சோற்றோடு எப்படி உட்காருவது? அவளிடம் என்ன சொல்வது? அதை மட்டும் எனக்கு எழுதுங்கள்.